எது முதலில் மேசைக்கு வந்தது?

மேசையிலிருந்து ஒரு கை உயரும்; ‘ஜட்ஜ்!’ என்று குரல் வரும். போய் நின்றதும் நான் தீர்ப்புச் சொல்வதில்லை. கேட்பேன். என்ன நடந்தது, இப்போது யாருடைய முறை, எந்தக் கார்டு எப்போது இறங்கியது. ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே வரக்கூடாது. வருகிற அழைப்புகளில் பெரும்பங்கு இந்தக் கேள்விகளிலேயே கரைந்துவிடும். தான் நினைத்துக்கொண்டிருந்ததை வாய்விட்டுச் சொல்லும்போதே ஆளுக்குச் சந்தேகம் வந்துவிடும். கரையாமல் நிற்பவைதான் என் வேலை.

நான் நடுவராக நிற்கும் ஆட்டம் ‘மேஜிக்: தி கேதரிங்’. ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் உருவாக்கியது. விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 1993-இல் வெளியிட்டது. முதல் அச்சில் 295 கார்டுகள். ஆடுகிற இருவரும் மந்திரவாதிகள், ஆளுக்கு இருபது உயிர்ப்புள்ளி. நிலக் கார்டுகளிலிருந்து ‘மானா’ என்ற சக்தியை எடுத்து, அதைச் செலவழித்து, ‘கிரீச்சர்’ எனப்படும் மிருகங்களையும் வீரர்களையும், கூடவே மந்திரங்களையும் மேசையில் இறக்கி, எதிராளியின் புள்ளியைச் சுழியாக்க வேண்டும். ரம்மி மாதிரி எல்லோருக்கும் ஒரே கட்டு கிடையாது. அவரவர் கார்டை அவரவர் வாங்கி, அறுபதுக்குக் குறையாமல் ஒரு கட்டு கட்டிக்கொண்டு வர வேண்டும். எதிராளியின் கட்டில் என்ன இருக்கிறது என்று தெரியாது. அதில்தான் சுவை, சண்டையும் அதில்தான்.

சிங்கப்பூரில் வேலை பார்த்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமை மழைக்கு ஒதுங்கிய ஒரு கடையில் இதைக் கற்றுக்கொண்டேன். அங்கே ஒருவர் ஜப்பானிய மொழிக் கார்டு வைத்திருப்பார், இன்னொருவர் சீன மொழிக் கார்டு. எதிரே இருப்பவருக்கு ஒரு எழுத்தும் புரியாது. அதற்காகவே ஒவ்வொரு கார்டுக்கும் ‘ஆரக்கிள்’ என்று ஓர் அதிகாரபூர்வ ஆங்கில வாசகம் வைத்திருக்கிறார்கள். கார்டில் என்ன அச்சாகியிருந்தாலும், எந்த வருடத்து அச்சானாலும், சட்டம் அந்த வாசகம்தான். ஆடுவதைவிட அந்த வாசகங்களைப் படிப்பது எனக்குப் பிடித்துப்போயிற்று. அப்பா பத்திர எழுத்தர். ‘மேற்படி’, ‘மேற்சொன்ன’, ‘இதனடியிற்கண்ட’ என்ற சொற்களின் நடுவே வளர்ந்தவன் நான். தேர்வு எழுதி நடுவர் ஆனேன்.

இப்போது ஊரோடு வந்துவிட்டேன். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகிற பேருந்தில் ஏறினால் வழியில் வரும் கீழ்பென்னாத்தூர். சுற்றிலும் நெல், கரும்பு, மல்லாட்டை (நிலக்கடலை). போட்டிக்காகச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போவதுண்டு. மற்ற நாட்களில் கேள்விகள் போனில் வரும். மல்லாட்டை காய்கிற களத்தின் ஓரம் நின்றுகொண்டு ஆட்டக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதை ஊர்ப் பெரியவர் ஒருவர் வெகுநாள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: “இன்னா தம்பி, சிங்கப்பூர்ல சம்பாரிச்சது பத்தலையா? சீட்டாட்டத்துக்குப் பஞ்சாயத்து பண்ணிக்கினு கீற?”

“காசு வெச்சு ஆடறது இல்லைங்க பெரியப்பா.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்றான்.”

அவர்மேல் குற்றமில்லை. ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1960-களிலேயே சொல்லிவிட்டது. ஊர் இன்னும் சொல்லவில்லை.

ஆனால் அந்தப் பெரியவரின் ரம்மியிலேயே என் தொழிலுக்கு வேலை இருக்கிறது. கட்டிலிருந்து ஒரு சீட்டை உருவி ஜோக்கர் வெட்டுகிறார்கள். வெட்டியதில் அச்சு ஜோக்கரே வந்துவிட்டால்? பல இடங்களில் ஆஸ் எல்லாம் ஜோக்கர் ஆகும். சில இடங்களில் அதை உள்ளே தள்ளிவிட்டு மறுபடி வெட்டுவார்கள். கல்யாண வீட்டு மொட்டை மாடியில் இரண்டு ஊர்க்காரர்கள் ஒரே பாயில் உட்கார்ந்துவிட்டால் ‘எங்க ஊர் ரூல்’ என்று ஆரம்பிக்கும். குரல் யாருக்குப் பெரிதோ அவருடைய ஊர் ஜெயிக்கும். டோக்கியோவில் ஆடுகிறவனுக்கும் பெங்களூரில் ஆடுகிறவனுக்கும் ஒரே பதில் கிடைக்க வேண்டும் என்றால் குரலை நம்ப முடியாது. மேஜிக் விதிப்புத்தகம் 250 பக்கங்களைத் தாண்டி ஓடுவதற்குக் காரணம் அதுதான்.

அத்தனை பக்கத்துக்கும் தலைமாட்டில் ஒரு விதி உட்கார்ந்திருக்கிறது: கார்டின் வாசகமும் விதிப்புத்தகமும் நேருக்கு நேர் மோதினால் கார்டே வெல்லும். ‘முடியும்’ என்று ஒன்றும் ‘முடியாது’ என்று ஒன்றும் சொன்னால் ‘முடியாது’ வெல்லும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் இதுவரை வெளிவந்த கார்டுகள் 25,000-க்கும் மேல். ஒவ்வொன்றும் விதியில் ஒரு சின்ன ஓட்டை போடுகிறது. இரண்டு ஓட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று விழும்போது என்ன செய்வது என்று தலைமாட்டு விதி சொல்வதில்லை. இந்த ஆட்டத்துக்குள் ஒரு முழுக் கணினியையே கட்ட முடியும், ஆகவே சில ஆட்டங்களில் யார் ஜெயிப்பார் என்பதைக் கணக்கிட்டே சொல்ல முடியாது என்று 2019-இல் மூன்று ஆய்வாளர்கள் கட்டுரை எழுதினார்கள். அதைப் படித்த அன்று எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

என்னை அதிகம் பேசவைத்த கார்டு ‘ஹியுமிலிட்டி’. 1997-இல் ‘டெம்பெஸ்ட்’ தொகுப்பில் வந்தது. இறங்கினால் மேசையிலேயே தங்கிவிடும் மந்திரம். ஆட்டக்காரர்கள் என்சான்ட்மென்ட் என்பார்கள். அது சொல்வது ஒரே வரி: கிரீச்சர்கள் எல்லாம் தம் திறன்கள் அனைத்தையும் இழக்கும்; ஒவ்வொன்றின் அடிப்படைத் தாக்குவலுவும் தாங்குவலுவும் 1/1 ஆகும். பறக்கிற டிராகனும் மண்வெட்டி பிடித்த குடியானவனும் ஒன்று. ஆட்டத்தின் எல்லா ஆர்ப்பாட்டத்தையும் ஒரு வரியில் அணைத்துவிடுகிற கார்டு. எனக்கு மிகவும் பிடித்தது. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அறவே பிடிக்காது.

இதிலிருந்து கிளம்பும் கேள்விகளைக் கேளுங்கள். இறங்கும்போதே தன்மேல் +1/+1 குறிகளோடு வரும் கிரீச்சர் ஒன்று வருகிறது. குறிகள் வருமா? வராது. குறிகளோடு வருவதும் அதன் திறன்தான். மேசையில் கால் வைத்தால் அந்தத் திறன் இருக்குமா என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும் என்கிறது விதி. ஹியுமிலிட்டி இருக்கும் மேசையில் அது இருக்காது. ஏற்கெனவே மேசையில் நிற்கும் 1/1-க்கு வேறொரு மந்திரம் +3/+3 கொடுத்தால்? 4/4 ஆகும், ஹியுமிலிட்டி தொடுவது அடிப்படையை மட்டும். செத்தால் எனக்கு இன்னது கிடைக்கும் என்று எழுதியிருக்கும் கிரீச்சர் செத்தால்? ஒன்றும் கிடைக்காது. சாவதற்கு முந்தைய நொடியைத் திரும்பிப் பார்க்கிறோம். அப்போது அதன் உடம்பில் எந்த வாசகமும் இல்லை.

இவ்வளவும் பாலபாடம். 1999-இல் ‘ஓபலெசன்ஸ்’ வந்தது. அதுவும் மேசையில் தங்கும் மந்திரம். தன்னைத் தவிர மற்ற எல்லா என்சான்ட்மென்ட்களும் கிரீச்சர் ஆகும், அவற்றின் வலு அவற்றின் மானா விலை எவ்வளவோ அவ்வளவு என்கிறது. (வேறொன்றின்மேல் ஒட்டிக்கொள்ளும் ‘ஆரா’ வகைக்கு விலக்கு.) ஹியுமிலிட்டியின் விலை நான்கு மானா. இரண்டும் ஒரே மேசையில் இருந்தால்?

ஓபலெசன்ஸ் ஹியுமிலிட்டியை 4/4 கிரீச்சர் ஆக்குகிறது. கிரீச்சர் ஆனதும் ஹியுமிலிட்டி தன் சொல்லாலேயே தன் திறனை இழக்கிறது. திறன் போனபின் அந்தச் சொல்லுக்கு ஏது வலிமை? வலிமை இல்லையென்றால் திறன் போகவில்லை. போகவில்லையென்றால் சொல் செல்லும், செல்லுமென்றால் போகிறது. அனுமார் வால் போல நீண்டுகொண்டே போகும். இந்த இரண்டு கார்டுகளையும் சேர்த்துச் சொன்னாலே பழைய நடுவர்கள் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு உட்காருவார்கள்.

விதிப்புத்தகத்தின் 613-ஆம் பகுதி இதை அறுக்கிறது. எல்லா விளைவுகளையும் ஒரே மூச்சில் பார்க்காதே, ஏழு அடுக்காகப் பிரி என்கிறது. முதலில் நகல், அடுத்து யார் கட்டுப்பாட்டில் இருக்கிறது, பிறகு வாசகம், வகை, நிறம், திறன், ஏழாவதாகத் தாக்குவலு–தாங்குவலு. நமக்கு வேண்டியவை நான்கு, ஆறு, ஏழு. நான்காம் அடுக்கில் ஹியுமிலிட்டி கிரீச்சர் ஆகிறது. ஆறாம் அடுக்கில் தன் திறனை இழக்கிறது. ஏழாவதற்கு வரும்போது ஹியுமிலிட்டி ஊமை. ஆனால் ஒரு விளைவு ஓர் அடுக்கில் வேலையைத் தொடங்கிவிட்டால், அதைப் பிறப்பித்த திறன் நடுவழியில் போனாலும் மீதி அடுக்குகளில் அது தொடரும். ஹியுமிலிட்டி ஆறாம் அடுக்கிலேயே தொடங்கிவிட்டது. ஆகவே ஏழிலும் 1/1 என்கிறது. அதே ஏழில் ஓபலெசன்ஸ் 4/4 என்கிறது. ஒரே அடுக்கில் இரண்டு பேச்சு. அங்கேதான் நான் முதலில் கேட்ட கேள்வி உதவுகிறது: எது முதலில் மேசைக்கு வந்தது? வந்த வரிசையில் ஒவ்வொன்றாகப் போடு. கடைசியில் வந்ததன் சொல் நிற்கும். ஹியுமிலிட்டி பிந்தி வந்திருந்தால் 1/1. ஓபலெசன்ஸ் பிந்தி வந்திருந்தால் 4/4.

இதை முதன்முதலில் விளங்கிக்கொண்டபோது எனக்கு நினைவு வந்தது கூத்து. எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் அக்னி வசந்த விழா என்றால் பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் கூத்து, கடைசியில் படுகளமும் தீமிதியும். சூதும் துகிலும் ஆடுகிற இரவில் சின்னப் பிள்ளைகள் கூடத் தூங்குவதில்லை. மற்றவர்கள் துகிலுக்காக விழித்திருப்பார்கள். நான் அதற்கு முந்தைய கேள்விக்காக. சபைக்கு இழுக்க வந்தவனிடம் திரௌபதி கேட்டனுப்புகிறாள்: தன்னை முதலில் வைத்துத் தோற்றாரா, என்னை முதலிலா?

ஒரு தேர்ந்த ஆட்டக்காரி நடுவரைக் கூப்பிட்டுக் கேட்கும் கேள்வி அது. அழவில்லை, சபிக்கவில்லை, வரிசையைக் கேட்கிறாள். தருமன் தன்னை வைத்துத் தோற்ற நொடியில் அடிமை. அடிமைக்குச் சொத்து ஏது, பணயம் வைக்க உரிமை ஏது? பீஷ்மரோ இரண்டு பக்கமும் பேசுகிறார். தன்னை இழந்தவன் பிறர் பொருளை வைக்க முடியாது, ஆனால் மனைவி கணவனுக்குக் கட்டுப்பட்டவள், தருமம் நுட்பமானது. துரியோதனனின் தம்பிகளில் ஒருவனான விகர்ணன் எழுந்து பாயிண்ட் பாயிண்டாக எடுத்து வைக்கிறான்: அவள் ஐவருக்கும் பொது, தருமன் ஒருவன் வைக்க முடியாது, தன்னைத் தோற்றபின் வைத்தான், வைக்கச் சொல்லித் தூண்டியதே சகுனி. சபையில் அன்றைக்கு உருப்படியாக விதி பேசியவன் அவன்தான். அவனைக் கர்ணன் அடக்கிவிடுகிறான். கேள்விக்குக் கடைசிவரை தீர்ப்பு வரவில்லை. திருதராஷ்டிரன் வரம் கொடுத்து விஷயத்தை மூடுகிறான்.

613-ஐப் படித்த கண்ணோடு பார்த்தால் பீஷ்மர் தடுமாறிய இடம் தெரிகிறது. தொடங்கிவிட்ட விளைவு, பிறப்பித்தவன் திறன் இழந்தாலும் தொடரலாம். திரௌபதியை வைத்தது அப்படித் தொடர்ந்த ஒன்றா? இல்லை. தருமன் தன்னைத் தோற்று, அந்த உருட்டல் முடிந்து, அதன்பிறகு புதிதாக எடுத்துவைத்த பணயம். ஊமையானபின் தொடங்கிய பேச்சு. என் மேசையில் அது செல்லாது. விகர்ணன் பக்கமே தீர்ப்பு. இதை ஒருமுறை பாரதம் சொல்லும் பிரசங்கியார் ஒருவரிடம் சொன்னேன். “அப்படித் தீர்ப்பு சொல்லியிருந்தா மீதி நாளுக்கு நான் எதைச் சொல்றது?” என்றார்.

அப்பாவின் தொழிலில் இந்த வரிசை தலைகீழாக நிற்கும். ஒரே நிலத்தை ஒருவர் இரண்டு பேருக்கு எழுதிக் கொடுத்தால், 1882-ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 48-ஆம் பிரிவின்படி முந்தி உண்டான உரிமைக்குப் பிந்தியது அடங்கும். பதிவான பத்திரம் எந்த நேரத்திலிருந்து செல்லும் என்பதற்கு 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு: பதிவான நேரம் கணக்கில்லை, எழுதிக் கொடுத்த நேரமே கணக்கு. மேஜிக்கில் பிந்தியது வெல்லும். நேரமோ கார்டை அறிவித்த நேரம் இல்லை, மேசையில் இறங்கிய நேரம். நிலத்தில் முந்தியவனைக் காப்பாற்றாவிட்டால் யாரும் நிலம் வாங்க மாட்டார்கள். ஆட்டத்தில் பிந்தியவனுக்கு வழிவிடாவிட்டால் யாரும் அடுத்த கார்டை இறக்க மாட்டார்கள். இரண்டையும் ஒரே வீட்டில் வைத்துப் பழகியதால் ஆரம்பத்தில் எனக்குக் கொஞ்சம் தலை சுற்றியது.

விதி தெரிவது பாதி வேலை. சொல்லும் விதம் இன்னொன்று. பெரிய போட்டிகளில் தகவல் வகைவகையாகப் பிரிந்திருக்கிறது. உயிர்ப்புள்ளி எவ்வளவு, மேசையில் இருக்கும் கார்டின் பெயர் என்ன என்பவை திறந்த தகவல். கேட்டால் எதிராளி உண்மையைச் சொல்லியாக வேண்டும். இந்தக் கிரீச்சரின் வலு இப்போது எவ்வளவு என்பது கணக்குப் போட்டு அறிய வேண்டியது. எதிராளி சொல்லாமல் இருக்கலாம், பொய் சொல்லக் கூடாது. நடுவரும் ஆட்டக்காரருக்காகக் கணக்குப் போட்டுக் கொடுப்பதைத் தவிர்க்க வேண்டும். ‘இதால் தாக்கினால் நான் ஜெயிப்பேனா சார்?’ என்று கேட்பவரிடம் வாயைத் திறக்க மாட்டேன். ‘இரண்டு விளைவுகள் ஒரே அடுக்கில் வந்தால் எது முதலில்?’ என்று கேட்பவருக்கு விதியைச் சொல்வேன். கேள்வி கேட்கத் தெரிந்தவருக்கு இங்கே ஆதாயம் உண்டு. அதை அநியாயம் என்று சொல்பவர்கள் உண்டு; எனக்கு அப்படித் தோன்றவில்லை. விதியைப் படித்ததும் ஆட்டத் திறமைதானே.

தீர்ப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். ஒரு சுற்றுக்கு ஐம்பது நிமிடம்; நான் எடுத்துக்கொள்ளும் நேரத்தை அந்த மேசைக்குக் கூட்டிக் கொடுக்க வேண்டும். ஏழு அடுக்கையும் நின்று விளக்கினால் பக்கத்து மேசைக்காரர்கள் முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். ‘இது 4/4. ஓபலெசன்ஸ் பிந்தி வந்தது. விளக்கம் வேண்டுமென்றால் ஆட்டம் முடிந்தபின்.’ அவ்வளவே. ஒப்பாதவர் தலைமை நடுவரிடம் மேல்முறையீடு செய்யலாம். அங்கே சொல்வது முடிவு.

என்னை யாரும் கூப்பிடாத கார்டுகளும் உண்டு, தடை செய்யப்பட்டதால். 1993-இன் ‘கேயாஸ் ஆர்ப்’ கார்டை ஓரடி உயரத்திலிருந்து சுண்டிப் போட வேண்டும். எவற்றின்மேல் விழுகிறதோ அவை அழியும். யாரோ ஒருவர் கார்டைக் கிழித்துத் துண்டுதுண்டாக மேசையெங்கும் தூவினார் என்று ஒரு கதை உலவுகிறது. 1998-இல் ‘அன்க்ளூட்’ என்ற கேலித் தொகுப்பில் அதையே ஒரு கார்டாக அச்சிட்டார்கள். ‘ஷஹ்ரசாத்’ இன்னும் அழகு. கார்ஃபீல்ட் ‘அரேபியன் நைட்ஸ்’ தொகுப்புக்காக எழுதியது. அதை இறக்கினால் நடக்கிற ஆட்டத்தை அப்படியே நிறுத்திவைத்துவிட்டு, மீதிக் கட்டை வைத்து உள்ளே இன்னொரு ஆட்டம் ஆட வேண்டும். அதில் ஜெயிக்காதவர் வெளி ஆட்டத்தில் பாதிப் புள்ளி இழப்பார். உள் ஆட்டத்தில் இன்னொரு ஷஹ்ரசாத் இறங்கினால் அதற்குள்ளும் ஓர் ஆட்டம். ஐம்பது நிமிடத்துக்குள் எங்கே முடிப்பது? 2007-இல் போட்டிகளிலிருந்து விலக்கினார்கள். நடுவராக நிம்மதி, வாசகனாக வருத்தம்.

எங்கள் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் சில பிள்ளைகள் ஆட வருகிறார்கள். ஹியுமிலிட்டியும் ஓபலெசன்ஸும் இனி அச்சிட மாட்டோம் என்று நிறுவனம் வாக்குக் கொடுத்த பட்டியலில் இருப்பவை. அசல் விலைக்கு ஒரு மாட்டுக்கன்று வரும். போட்டிக்கு அசல்தான் வேண்டும். மாடிக்கு ஜெராக்ஸ் போதும். போன மாதம் ஒரு பையன் மேசையில் முதலில் ஓபலெசன்ஸ், பிறகு ஹியுமிலிட்டி இருந்தன. தன் முறையில் இன்னொரு ஓபலெசன்ஸை இறக்கினான். இரண்டு ஓபலெசன்ஸ் இருந்தால் ஒன்று மற்றொன்றைக் கிரீச்சர் ஆக்கும்.

“மூணும் 4/4ண்ணா. கடைசியா வந்தது ஓபலெசன்ஸ்தானே.”

எதிரே இருந்த பெண் பிள்ளை தலையாட்டவில்லை. நோட்டை எடுத்து வந்த வரிசையை எழுதினாள். ஹியுமிலிட்டி: கடைசிப் பேச்சு புது ஓபலெசன்ஸுடையது, 4/4. பழைய ஓபலெசன்ஸ்: முதலில் ஹியுமிலிட்டி 1/1 ஆக்குகிறது, பிறகு புதியது 4/4 ஆக்குகிறது. புது ஓபலெசன்ஸ்: பழையது 4/4 ஆக்குகிறது, பிறகு ஹியுமிலிட்டி 1/1 ஆக்குகிறது, புதியது தன்னைத் தானே தொட முடியாது, ‘தன்னைத் தவிர’ என்று எழுதியிருக்கிறதே.

“புதுசு மட்டும் 1/1,” என்றாள்.

“ஒரே கார்டு, ஒண்ணு நாலு, ஒண்ணு ஒண்ணா? ண்ணா, சொல்லுங்கண்ணா!”

சரி என்றேன். அவன் கொஞ்ச நேரம் நோட்டையே முறைத்துவிட்டு, “போவட்டும். மூணாலயும் தாக்கறேன்,” என்று கார்டுகளைத் திருப்பப் போனான்.

“புதுசு இந்த டர்ன்லதான வந்துச்சு?” என்றாள் அவள். இறங்கிய முறையிலேயே கிரீச்சர் பொதுவாகத் தாக்க முடியாது என்பது முதல் நாள் பாடம்.

பழைய இரண்டையும் மட்டும் அனுப்பினான். அவளிடம் தடுக்க ஒரே ஒரு 1/1 இருந்தது. அதை ஹியுமிலிட்டிக்கு முன்னால் நிறுத்திவிட்டு, நான்கு புள்ளியைக் குறைத்து எழுதிக்கொண்டு, அடுத்த கார்டை எடுத்தாள்.